ஒற்றைப்படைச் சக்கரம்

"குழந்தைக்கு நாலு வயசுதானா? அப்ப மியூசியமெல்லாம் வீண். இந்தியா கேட் பக்கம் கொஞ்சம் ஓட விட்டுட்டு வந்துடுங்க." டெல்லிக்குக் கைக்குழந்தையும் வாண்டுமாகக் கிளம்புகிற எந்தக் குடும்பத்துக்கும் இந்த யோசனை இலவசமாகக் கிடைக்கும். சொல்பவர்கள் பெரும்பாலும் சாணக்யபுரி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய், குழந்தை ஜாய் ட்ரெயினில் ஒரு சுற்று வந்து, ஐஸ்கிரீம் கேட்டு அழுது, வெயிலில் தூங்கிப்போனதைப் பார்த்தவர்கள். "அந்த வயசுக்கு ஒண்ணும் புரியாது" என்பது அவர்கள் கண்ட முடிவு. இந்த முடிவு தவறு என்பது என் கட்சி. புரியாமல் போவது எது என்று பார்த்தால், அது இன்ஜின் அல்ல, பலகை. எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு, எந்த ராஜா என்று பெரியவர்கள் உரக்க வாசித்துக்கொண்டு நடக்கிறார்கள். நாலு வயதுக்கு 1907ம் ஒன்றுதான், 1977ம் ஒன்றுதான். ஆனால் அதே குழந்தைக்குப் பத்து வரை எண்ணத் தெரியும், எது பெரிது எது சிறிது என்று சொல்லத் தெரியும், எது விழும் எது விழாது என்ற விஷயத்தில் பெரியவர்களைவிட அக்கறை அதிகம். ஒரு ரயில் இன்ஜினைப் படிக்க இந்த மூன்றுமே போதும்.

அதற்கு உடன் வருகிற பெரியவர் முதல் நாளே கொஞ்சம் தயாராக வேண்டும். நூறு வண்டி இருக்கும் இடத்தில் நூறையும் காட்ட நினைப்பவர் ஒன்றைக்கூடக் காட்ட மாட்டார். நாலு வண்டி தேர்ந்தெடுத்து, அந்த நாலைப் பற்றி மட்டும் தெரிந்துகொண்டு போனால் போதும். மற்றவை வழியில் வரும், குழந்தை நின்றால் நிற்கலாம்.

எண்ணுவது எப்படி

நீராவி இன்ஜின்களை ரயில்வேக்காரர்கள் சக்கரத்தை வைத்தே அடையாளம் சொல்வார்கள். 0-6-0, 4-8-0 என்று மூன்று எண்கள். முதல் எண் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள். வளைவில் இன்ஜினுக்கு வழிகாட்டுவது அவற்றின் வேலை. நடு எண் இழுக்கும் சக்கரங்கள். கடைசி எண் பின்னால் எடை தாங்கும் சக்கரங்கள். எது இழுக்கும் சக்கரம் என்று குழந்தைக்குக் காட்டுவது ரொம்ப எளிது: நீளமான இரும்புத் தண்டு எந்தச் சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறதோ அவைதான். தண்டு தொடாத சக்கரம் சும்மா உருளும். ஒரு பக்கம் நின்று எண்ணி, மறுபக்கமும் அதே அளவு என்று இரட்டித்துக்கொள்ள வேண்டும். நாலு வயதுக்கு இரட்டிப்பது வராது; மறுபக்கம் ஓடிப்போய் எண்ணிவிட்டு வரட்டும். அந்த ஓட்டமும் ஒரு லாபம்தான்.

எண்ணும்போது கட்டாயம் ஒரு கேள்வி வரும். இழுக்கும் சக்கரங்களில் ஒரு ஓரமாகப் பிறைநிலா வடிவில் கெட்டியாக இரும்பு அடைத்திருக்கும். "ஏன் அந்தச் சக்கரம் மட்டும் வீங்கியிருக்கு?" தண்டு மாட்டியிருக்கும் பக்கம் எடை அதிகம். அப்படியே வேகமாகச் சுழன்றால் ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தில் ஓர் அடி விழும், இன்ஜினே குலுங்கும். அதை ஈடுகட்டத்தான் எதிர்ப்பக்கத்தில் அந்தக் கனம். தண்டு எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் எதிரே பிறை இருக்கிறதா என்று குழந்தையையே சரிபார்க்கச் சொல்லலாம்.

தொடங்குவதற்கு நல்ல இன்ஜின் எஃப்-734. மீட்டர்கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்), 0-6-0. ஆறே சக்கரம், ஆறும் தண்டால் பிணைத்தவை, குழப்பமில்லை. 1895இல் அஜ்மீர் பட்டறையில் செய்தது. முழுக்க இந்தியாவிலேயே கட்டிய முதல் இன்ஜின் என்பது பெரியவர்களுக்கான செய்தி. அடுத்து டார்ஜிலிங் மலை ரயிலின் 777. இதற்கு 0-4-0, நாலே சக்கரம். விட்டம் 26 அங்குலம், அதாவது 66 சென்டிமீட்டர். நாலு வயதுக் குழந்தையின் உயரம் ஒரு மீட்டர் அளவில் இருக்கும் என்பதால் சக்கரம் வயிற்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போயிருக்கும் குடும்பம் என்றால் இங்கே ஒரு நல்ல வித்தியாசம் சொல்லலாம். ஊட்டி ரயிலுக்கு ஏற்றத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் உண்டு, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். டார்ஜிலிங் இன்ஜினுக்கு அந்த வசதி கிடையாது. வழவழப்பான இரும்பின் மேல் வழவழப்பான இரும்பு. மழையிலோ பனியிலோ சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் இன்ஜினின் முன்பக்கம் ஆள்கள் உட்கார்ந்து கையால் தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே போவார்கள். அவர்கள் உட்காரும் இடத்தைக் காட்டினால் பிள்ளைகளுக்கு அந்த வேலை மேல் உடனே ஆசை வந்துவிடும். வழிகாட்டும் சக்கரம் ஏன் இல்லை என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது: அத்தனை எடையும் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே இறங்கினால்தான் பிடிப்பு கிடைக்கும். சும்மா உருளும் சக்கரத்துக்கு எடையைப் பங்கு கொடுக்க மலையில் கட்டுப்படியாகாது.

பிறகு நேராகக் கேரட் (Garratt; காய்கறி அல்ல, வடிவமைத்தவர் பெயர்) இன்ஜினுக்குப் போய்விடலாம். பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் 815, 1930இல் மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பெனி கட்டியது. எடை 230 டன்னுக்கு மேல். சக்கர வரிசை 4-8-0+0-8-4. இருபத்து நாலு சக்கரம். பத்துக்கு மேல் எண்ணத் திணறும் குழந்தைக்குப் பெரியவர் கை கொடுக்க வேண்டும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, நடுவில் ஏன் சக்கரமே இல்லை என்பது. இன்ஜின் மொத்தமும் மூன்று துண்டு. முன்னால் தண்ணீர்த் தொட்டியோடு ஒரு சக்கரக் கூட்டம், பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் இன்னொரு கூட்டம், இரண்டுக்கும் நடுவே பாலம் போட்டதுபோல் பாய்லர். அவ்வளவு எடையையும் குட்டையாக ஒரே இடத்தில் இறக்கினால் தண்டவாளமும் பாலங்களும் தாங்காது. நீளமாகப் பரப்பிவிட்டால் ஒவ்வோர் அச்சின் மேலும் இறங்கும் எடை அளவோடு நிற்கும். அடியில் சக்கரம் இல்லாததால் பாய்லரையும் அடுப்பையும் வேண்டிய அகலத்துக்குச் செய்துகொள்ளலாம். வளைவில் மூன்று துண்டும் தனித்தனியே திரும்பிக்கொள்ளும். இதற்கு விலையும் உண்டு. ஒரே பாய்லரிலிருந்து இரண்டு பக்கமும் நீராவி போக வேண்டும், அந்தக் குழாய்கள் இன்ஜினோடு சேர்ந்து வளைய வேண்டும். வளையும் மூட்டுகளில்தான் கசிவு. இன்னொன்று, கரியும் தண்ணீரும் தீரத் தீர இழுக்கும் சக்கரத்தின் மேல் இருக்கும் எடையும் குறையும், பிடிப்பும் குறையும். கிளம்பும்போது பலசாலி, போய்ச் சேரும்போது கொஞ்சம் மெலிந்தவன்.

விழாத ரயில்

இந்த மூன்றையும் எண்ணி முடித்த குழந்தைக்கு, தன்னை அறியாமல் ஒரு விதி பிடிபட்டிருக்கும். இந்தப் பக்கம் எத்தனையோ அந்தப் பக்கமும் அத்தனை. ஆறு, நாலு, இருபத்து நாலு. அதன் பிறகுதான் பட்டியாலா மோனோ ரயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். வரிசை மாறினால் பாதி சுவை போய்விடும். வாசலிலேயே "இங்கே பார், ஒரே தண்டவாளத்தில் ஓடும் ரயில்" என்று ஆரம்பிக்கும் பெற்றோர் உண்டு. ரயில் என்றால் இரண்டு தண்டவாளம் என்பதே இன்னும் உறைக்காத குழந்தை ஒற்றைத் தண்டவாளத்தைக் கண்டு எதற்கு வியக்க வேண்டும்?

இந்த இன்ஜினின் சக்கர வரிசை 0-3-0. மூன்று சக்கரம், ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில், ஒரே தண்டவாளத்தின் மேல். எழுதும்போது அச்சுப்பிழை என்று நினைக்கத் தோன்றும். இரட்டைப்படையிலேயே போய்க்கொண்டிருந்த கணக்கில் ஒற்றைப்படை. சாதாரண ரயில் சக்கரத்துக்கு விளிம்பு ஒரு பக்கம் மட்டும் இருக்கும். இதற்கு இரண்டு பக்கமும் விளிம்பு, நடுவில் பள்ளம். தண்டவாளம் அந்தப் பள்ளத்தில் உட்காரும். குனிந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும், குழந்தைக்குக் குனியவே வேண்டாம்.

எண்ணி முடித்து மறுபக்கம் ஓடும் குழந்தை அங்கே திகைத்து நிற்கும். அங்கே தண்டவாளம் கிடையாது. இரும்புக் கை ஒன்று வெளியே நீண்டு, அதன் முனையில் பெரிய அகலமான சக்கரம் ஒன்று வெறும் தரையில் நிற்கும். அருங்காட்சியகத்தில் பெரியவர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். "ஏன் விழல?" என்ற கேள்வி தானாக வரும், வரும்வரை காத்திருக்கலாம். சைக்கிள் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்குப் பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டிச் சக்கரம் மாட்டுவோமே, அதில் ஒன்றைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே ஓட்டினால் விழாது; மறுபக்கம் சாய்ந்தால் விழும். பட்டியாலா ரயிலின் மொத்த ரகசியமும் இதுதான். எடையில் ஏறக்குறைய எல்லாமே தண்டவாளத்தின் மேல். மிச்சச் சொச்சம் மட்டும் பக்கச் சக்கரத்தின் மேல். அந்தச் சொச்சம் எப்போதும் அந்தப் பக்கமே இருக்கும்படி தொட்டியையும் பெட்டியையும் சுமையையும் அமைக்க வேண்டும். சைக்கிள் ஓட்டிய குழந்தைக்கு இது உடம்பிலேயே தெரியும். அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, அது நமக்குச் சொல்லும்.

ஒற்றைத் தண்டவாளம் எதற்கு என்பது பெரிய பிள்ளைகளின் கேள்வி. ஏற்கெனவே இருக்கும் சாலையின் ஓரத்தில் ஒரு தண்டவாளம் பதித்தால் போதும், தனி நிலம் வேண்டாம், தனி மண்மேடு வேண்டாம், இரும்பும் பாதி. பக்கச் சக்கரம் சாலையிலேயே உருளும். ஈவிங் முறை என்று பெயர். பட்டியாலா சமஸ்தானத்தில் 1907இல் ஓடத் தொடங்கியது. கட்டியவர் பௌல்ஸ் என்ற அதிகாரி. முதலில் இழுத்தவை கோவேறு கழுதைகள். பட்டாளத் தேவைக்காகச் சமஸ்தானம் பராமரித்து வந்த கழுதைகளுக்கு ஒரு வேலையும் ஆயிற்று. பின்னால் பெர்லினின் ஓரென்ஸ்டைன் அண்ட் கோப்பல் செய்த நாலு நீராவி இன்ஜின்கள் வந்தன. சிர்ஹிந்துக்கும் மொரிண்டாவுக்கும் இடையே ஒரு தடம், பட்டியாலாவிலிருந்து பவானிகர் பக்கம் இன்னொரு தடம், இரண்டும் சேர்ந்து சுமார் 80 கிலோமீட்டர். யோசனையின் பலவீனமும் அந்தச் சாலைதான். பக்கச் சக்கரம் மண்ணில் உருள்கிறது. மண் குழிந்தால் வண்டி ஆடும், சேறானால் இழுக்கும். சாலையை ஒழுங்காக வைத்திருந்தால் அதே சாலையில் லாரியும் பஸ்ஸும் ஓடும், அவற்றுக்குத் தண்டவாளமே வேண்டாம். மோட்டார் வண்டிகள் பெருகிய பிறகு 1927இல் கதை முடிந்தது.

பட்டியாலாவில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்ததை 1962இல் கண்டுபிடித்தவர் மைக் சாட்டோ என்ற பிரிட்டிஷ் ரயில் பித்தர். இந்த அருங்காட்சியகம் 1977 பிப்ரவரி 1 அன்று திறந்ததற்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு நிறைய உண்டு. அம்ரித்சர் பட்டறையில் இன்ஜினைச் சீர்செய்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போதும் அவ்வப்போது ஆள் ஏற்றி ஓட்டுகிறார்கள், ஆனால் தினமும் அல்ல. ஆறிக் கிடக்கும் பாய்லரில் நெருப்பு மூட்டி நீராவி ஏற்றச் சில மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் தகடுகள் சமமில்லாமல் விரிந்து மூட்டு கசியும். பத்துப் பேர் வந்து கேட்டார்கள் என்று உடனே ஓட்டிக்காட்டும் சமாசாரம் இல்லை. எந்தக் கிழமை ஓடும் என்று போகும் வாரத்தில் விசாரித்துக்கொண்டு, அந்தக் கிழமைக்குத் திட்டமிடுவது நல்லது. ஓடாத நாளிலும் பக்கச் சக்கரத்தின் அருகே போய் நிற்கலாம், அதற்குத் தடையில்லை.

நாளைப் பிரிப்பது

திங்கட்கிழமை விடுமுறை. ஆட்டோக்காரர் சொல்ல மாட்டார், வாசலில்தான் தெரியும். மெட்ரோவில் வந்தால் பிங்க் லைனில் துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். குழந்தையோடு நடக்கிற தூரமில்லை. சனி ஞாயிறில் கட்டணமும் அதிகம், கூட்டமும் அதிகம். வார நாளில் பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வருவார்கள்; அந்த வரிசை ஒரு இன்ஜினைக் கடக்கும்வரை அடுத்ததில் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

மே, ஜூனில் தயவுசெய்து வேண்டாம். டெல்லி வெயிலில் மதியத்துக்குள் இன்ஜின் தகடு கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும், தொட்டுப் பார்க்கத்தான் குழந்தை வந்திருக்கிறது. நவம்பரும் பிப்ரவரியும் சுகம். டிசம்பர் கடைசி, ஜனவரியில் மூடுபனி விலகிய பிறகு கிளம்பலாம். காலையில் திறந்ததும் வெளித் திடலை முடித்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் உள்ளரங்கத்துக்குப் போவதுதான் சரியான வரிசை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: குளிர்ந்த காலையை உள்ளே கழித்துவிட்டு உச்சியில் வெளியே வருகிறார்கள்.

ஜாய் ட்ரெயினுக்குத் தனிச் சீட்டு. அதை எப்போது காட்டுவது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு: கடைசியில். முதலில் ஏற்றினால் குழந்தைக்கு மீதி நாள் முழுவதும் ஒரே கோரிக்கைதான், "இன்னொரு ரவுண்டு". ஆனால் சீட்டை மட்டும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. அந்தத் தடம் திடலைச் சுற்றி வருகிறது, வண்டி ஓடும் தடம் அது; நிற்கும் இன்ஜின்களின் தண்டவாளம்போல் அதையும் நினைத்துக் குழந்தை நடக்கப் போகும். அந்த இடத்தில் கையை விடக் கூடாது.

நிற்கும் வண்டிகளின் தண்டவாளத்தில் ஒரு விளையாட்டு உண்டு. குழந்தை கைகளை விரித்து நின்றால் ஏறக்குறைய அதன் உயர அளவு. நாலு வயதுக்கு ஒரு மீட்டர். அதுதான் மீட்டர்கேஜ். டார்ஜிலிங் தடம் 610 மில்லிமீட்டர், ஒரு கையை மடக்கிக்கொள்ள வேண்டும். பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர், ஐந்தரை அடி. அப்பாவோ அம்மாவோ கை விரித்தால் சரியாக வரலாம். கேஜ் என்றால் என்ன என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஜின் மேல் ஏறக் கூடாது என்று எழுதியிருக்கும். ஏறும் பிள்ளைகளும் இருப்பார்கள், பார்த்து நம்முடையதும் கேட்கும். படிகள் பெரியவர் காலுக்குச் செய்தவை, ஒவ்வொன்றும் குழந்தையின் தொடை உயரம். ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் தாடை அடிபடும்.

உள்ளரங்கத்தில் ஒரு யானையின் மண்டையோடு இருக்கிறது. 1894இல் கோல்கேரா அருகே மெயில் ரயிலோடு மோதி இறந்த யானை. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பெற்றோரைப் பார்க்கலாம், ரயிலை முட்ட வந்த முட்டாள் யானை என்று. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் அந்தப் பக்கம் போகாமலே வரலாம். குழந்தையே கண்டுகொண்டு கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்வது மேல். யானை வழியில் ரயில் வந்தது என்று சொன்னாலும் பொய்யில்லை. வேல்ஸ் இளவரசருக்காக 1875இல் செய்த சலூன் (சொகுசு ரயில் பெட்டி), மைசூர் மகாராஜாவின் சலூன் இரண்டும் பெரியவர்களுக்கு. கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும், குழந்தையைத் தூக்கிக் காட்ட வேண்டும், தூக்கியவருக்கு இடுப்பு வலி, குழந்தைக்கு ஒரு நாற்காலி தெரியும். ஒருவர் குழந்தையோடு கேன்டீனில் உட்கார, மற்றவர் பார்த்துவிட்டு வருவது உத்தமம்.

ஊர் திரும்ப ரயில் என்றால் எண்ணிக்கை அங்கேயும் தொடரும். ஆனால் மின்சார இன்ஜினுக்கு எண் வரிசை கிடையாது, எழுத்து வரிசை. பயணிகள் ரயிலை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 ரக இன்ஜினுக்கு கோ-கோ என்பார்கள்: மூன்று அச்சு ஒரு தொகுதி, அப்படி இரண்டு தொகுதி, ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனி மோட்டார். மொத்தம் பன்னிரண்டு சக்கரம். பிணைக்கும் தண்டைத் தேடிப் பார்த்து "காணோமே" என்று குழந்தை சொல்லும். மோட்டார் ஒவ்வோர் அச்சிலும் இருப்பதால் தண்டுக்கு வேலையில்லை. பயணிகள் பெட்டிக்கு எட்டுச் சக்கரம். நாம் நிற்கும் நடைமேடையில் வந்து நிற்கும் வண்டியின் சக்கரம் மேடைக்குக் கீழே மறைந்துவிடும், எட்டிப் பார்க்க விடக் கூடாது. நடுவில் தடம் காலியாக இருக்கும்போது அடுத்த நடைமேடையில் நிற்கும் வண்டியைப் பார்த்தால், இருந்த இடத்திலிருந்தே எண்ணலாம்.